ஏணியில் ஏறும் இதயம்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்போரின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளிலிருந்து ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டித் தீயணைப்போரின் உடல்நலம் பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தவை. மார்கழி, தை மாதத்து உறைபனியில் கருகிய புல், மாசி, பங்குனியில் ஒரு பீடித்துண்டுக்குப் பற்றிக்கொள்ளும் ஊர்களிலிருந்து இவ்வளவு கடிதங்கள் வந்ததில் வியப்பில்லை. எல்லாக் கடிதங்களும் ஏதோ ஒரு வகையில் இதயத்தையே சுற்றி வந்ததால், இம்முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணவருக்கு 46 வயது. முன்னணி தீயணைப்போராகப் பணியாற்றுகிறார். சென்ற கோடையில் காட்டுத்தீயை அணைக்கப் போய் மூன்றாம் நாள் வீடு திரும்பியதிலிருந்து, மேடேறும்போது நெஞ்சின் நடுவில் ஏதோ அழுத்துவதுபோல இருக்கிறது என்கிறார். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறதாம். வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடிக்கிறார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ‘மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நெஞ்சுவலி எங்கிருந்து வரும்?’ என்று என்னையே கேட்கிறார். நான் பயப்படுவது தவறா, டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

தவறில்லை, அம்மா. இந்த வாரமே அவரை இதயநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடியும்வரை அவர் தீயணைக்கும் களத்துக்குப் போகாமல் இருப்பதற்கு என்ன எழுதித் தர வேண்டுமோ அதை அந்த மருத்துவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தொடர்பில்லாமல், ஏற்றத்தில் வந்து, நின்றதும் போய்விடும் வாயுவை நான் ஒருநாளும் நம்பியதில்லை. உழைக்கும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தமும் ஓய்வில் நிம்மதியும் என்றால், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, அப்படி இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகுதான் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அழுத்தம் ஓய்விலும் வந்தால், அல்லது வியர்வையோடு கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால், மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்பதில் ஆறுதல் கொள்ள முடியாது. படுத்திருப்பவரின் இதயத்தை எடுத்த படம் அது. குழாய் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தாலும், படுத்திருக்கும்போது இதயத்துக்குத் தேவையான இரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும். தட்டுப்பாடு தெரிவது தேவை கூடும்போதுதான். அதனால்தான் டிரெட்மில்லில் நடக்கவைத்தும் எக்கோ (ஒலியலையால் இதயத்தைக் காட்டும் படம்) எடுத்தும் பார்க்கிறோம். சந்தேகம் தீராவிட்டால் ஆஞ்சியோகிராம் வரை போக வேண்டியிருக்கும். சர்க்கரையையும் கொழுப்பையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அவருடைய தொழிலில் அந்தத் தேவை எவ்வளவு கூடும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தூங்கிக்கொண்டிருப்பவரின் காதில் நிலையத்து மணி விழுந்த கணத்திலேயே, இன்னும் ஓர் அடிகூட எடுத்துவைக்காத நிலையில், நாடித்துடிப்பு தாவி ஏறுகிறது. பாதுகாப்பு உடை, காலணி, தலைக்கவசம், முதுகில் மூச்சுக்கருவி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். அந்தச் சுமையோடு குழாயை இழுத்துக்கொண்டு ஏறும்போது துடிப்பு அவர் வயதுக்குரிய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. காற்றுப் புகாத உடைக்குள் வியர்வை வடிந்தாலும் உடல் குளிர்வதில்லை. நீர் குறைந்து இரத்தம் கெட்டிப்படுகிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புகைப்பழக்கம் இல்லாத, நலமாக இருந்த 19 தீயணைப்போரைப் பயிற்சித் தீயில் ஈடுபடுத்திப் பார்த்தபோது, அதன் பிறகு அவர்களது இரத்தம் கட்டிக்கொள்ளும் தன்மை கூடியிருந்ததையும் இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் குறைந்திருந்ததையும் கண்டார்கள். நலமான குழாய்க்கு இது ஒரு நாள் களைப்பு. உள்ளே கொழுப்புப் படிந்த குழாய்க்கு அப்படியல்ல. அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதற்கான எல்லா ஏற்பாடுகளும் ஒரே மணி நேரத்தில் கூடிவந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்போரில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் தீயிலோ இடிபாட்டிலோ இறப்பதில்லை, இதயநோயால் இறக்கிறார்கள். 1994 முதல் 2004 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அவர்களுடைய மொத்தப் பணி நேரத்தில் தீயை நேரடியாக அணைப்பதற்குச் செலவாவது 1 முதல் 5 விழுக்காடுதான்; ஆனால் இதயநோய் மரணங்களில் 32 விழுக்காடு அந்தச் சிறிய நேரத்துக்குள் நிகழ்ந்திருந்தது. மணி கேட்டு வண்டியில் போகும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும், உடற்பயிற்சியின்போதும்கூடச் சிலர் இறந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அடைப்பும் பெருத்துப்போன இதயமும் முன்பே இருந்தன. தீ அந்த நோயைப் புதிதாக உண்டாக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் வளர்ந்துவந்த நோயைக் கண்டுபிடித்த வேலையைத்தான் செய்தது.

இது அமெரிக்கக் கணக்கு, நமக்கு ஏன் என்று கேட்பீர்கள். நமக்கு இன்னும் கடுமை. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 ஆகவும் இருந்தது. 60 வயதுவரை பணியில் இருக்கும் தமிழகத் தீயணைப்போர் அந்த 53-ஐச் சீருடையோடுதான் கடக்கிறார்.

மலையில் பிறந்தவர் என்ற பெருமையைப் பற்றி: அதில் பாதி உண்மை இருக்கிறது. உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அந்த உயரத்தில் வாழ்பவரின் உடல் அதற்குப் பழகிக்கொள்வதால் அன்றாட வேலையில் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் உச்சக்கட்ட உழைப்புக்கான திறன், 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு வீதம் குறைகிறது. மேட்டுப்பாளையத்தில் குழாயை இழுப்பவருக்கும் தொட்டபெட்டாச் சரிவில் இழுப்பவருக்கும் வேலை ஒன்றாக இருந்தாலும், மேலே இருப்பவரின் கையிருப்பு குறைவு. அடைப்பு இருக்கும் குழாய்க்குப் பிறந்த ஊர் தெரியாது என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஐயா, எனக்கு 38 வயது, தீயணைப்போர். நாற்பது தண்டால் எடுக்க முடிந்தவனுக்கு மாரடைப்பு வராது என்று கைப்பேசியில் ஒரு செய்தி பார்த்தேன். நான் நிறுத்தாமல் 45 எடுப்பேன். ஆனால் இரத்த அழுத்தம் இரண்டு முறை பார்த்ததில் 150/96, 152/94 என்று இருந்தது. மாத்திரை போட்டால் உடம்பு தளர்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தவிர்க்கலாமா?
— வாசகர், கொடைக்கானல்

நீங்கள் பார்த்த செய்திக்கு மூலம் உண்மையானது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1,104 ஆண் தீயணைப்போரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்டார்கள். பத்துக்கும் குறைவாகத் தண்டால் எடுத்தவர்களோடு ஒப்பிட, நாற்பதுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இதயநோய் நிகழ்வுகள் 96 விழுக்காடு குறைவாக இருந்தன. செய்தியில் விட்டுப்போனதைச் சொல்கிறேன். நாற்பது எடுத்தவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள், எடை குறைந்தவர்கள், இரத்த அழுத்தமும் குறைந்தவர்கள். தண்டால் அவர்களுடைய நலத்தின் அடையாளம். அதுவே மருந்தாகிக் காப்பாற்றியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உங்களிடம் அந்த அடையாளம் இருக்கிறது, கூடவே 150/96-உம் இருக்கிறது. அழுத்தம் அளக்கும் கருவி உங்கள் தண்டாலை எண்ணிப் பார்ப்பதில்லை.

உயர் இரத்த அழுத்தத்தோடு வாழும் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் பாரம் தூக்குவதால், புயத்தசையைப்போல அதன் சுவரும் தடிக்கிறது. புயத்துக்கு அது அழகு; இதயத்துக்கு அது கேடு. தடித்த சுவருக்கு இரத்தம் கூடுதலாகத் தேவைப்படும், உச்ச உழைப்பின்போது துடிப்பின் ஒழுங்கும் எளிதில் குலையும். முந்தைய பதிலில் சொன்ன பெருத்த இதயம் பல வேளைகளில் இப்படித்தான் உருவாகிறது. ஆகவே ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பிறகு, வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பணி முடித்து வந்த அரை மணிக்குள் அளந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மாத்திரை உடம்பைத் தளர்த்தும் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. அதைத்தான் உங்கள் நண்பர்கள் குடம் அளவுக்கு ஆக்கிவிட்டார்கள். இரத்த அழுத்த மருந்துகளில் பீட்டா பிளாக்கர் என்னும் வகை நாடித்துடிப்பின் உச்சத்தைக் கட்டுப்படுத்துவதால், ஏணி ஏறும்போது கால் கனப்பதாகச் சிலர் உணர்வார்கள். சிறுநீரைப் பெருக்கும் வகை, வெப்பத்தில் வியர்வை சிந்தும் உங்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் நீரையும் உப்பையும் எடுத்துவிடும். வேறு காரணம் இருந்தால் ஒழிய உங்கள் தொழிலுக்கு முதலில் எடுக்க வேண்டியவை இவையல்ல. இந்தத் தொல்லைகள் இல்லாத வேறு வகைகள் இருக்கின்றன. ‘நான் தீயணைப்போர், கனத்த உடையோடு வெப்பத்தில் வேலை செய்பவன்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாமல் வாங்கி வந்த மாத்திரையை, ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராகவே நிறுத்திவிட்டுக் களத்துக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, பகலில் உறக்கம் வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் அழுத்தம் உயர ஒரு காரணம். இரவுப் பணிக்காரர்கள் அதைப் பணிக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் தேநீரும் வர்க்கியும்தான் எங்களுக்குத் துணை. அதையும் விடச் சொல்வீர்களா?
— வாசகர், உதகமண்டலம்

தேநீரை விடச் சொல்ல மாட்டேன், அதில் போடும் மூன்று கரண்டிச் சர்க்கரையைச் சொல்வேன். வர்க்கியின் அடுக்கு மொறுமொறுப்பாக வருவதற்கு உள்ளே போவது பெரும்பாலும் வனஸ்பதி. எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2022 சனவரி முதல் விதி இருந்தாலும், நிறைகொழுப்பு அப்படியே இருக்கிறது. விருந்தினர் வந்த நாளில் ஒன்று போதும். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த சாப்பாட்டில் உப்பையும் பாருங்கள். நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு, அது ஒரு தேக்கரண்டி. அவரையும் கேழ்வரகுக் களியும் கீரையும் பழகிய வீட்டிலிருந்து வந்தவரானால், அந்தச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் நிலையத்துக்கு எடுத்துவருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு வயது 23. தீயணைப்போராகத் தேர்வாகியிருக்கிறேன். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடித்தான் தேர்ச்சி பெற்றேன். எங்கள் ஹட்டியில் (சிற்றூரில்) இதே துறையில் இருக்கும் மாமா ஒருவர் பதினைந்து ஆண்டில் இருபது கிலோ கூடிவிட்டார். நான் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
— வாசகர், கோத்தகிரி

வாழ்த்துகள், தம்பி. அந்த 7 நிமிடத்தை வாழ்நாள் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாமல், ஆண்டுதோறும் உங்கள் பிறந்த நாளன்று அதே 1,500 மீட்டரை ஓடி நேரத்தைக் குறித்துவையுங்கள். 30 வயதில் 8 நிமிடம் ஆனால் இடுப்புப் பட்டையில் புதுத் துளை போட்டிருப்பீர்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

தீயணைப்போருக்குத் தேவைப்படும் உழைப்புத் திறனை அமெரிக்கத் தரநிலை 12 மெட் என்று வைத்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடுக்கும் ஆக்சிஜன் ஒரு மெட் என்றால், அதைப்போல் 12 மடங்கு எடுத்துப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 42 மில்லிலிட்டர் என்பது அதன் கணக்கு. கணக்கு ஒரு கிலோவுக்கு என்பதால், நீங்கள் பத்துக் கிலோ கூடினால் பயிற்சியே குறையாவிட்டாலும் திறன் குறைந்துவிடுகிறது. மாமாவுக்கு நடந்தது அதுதான்.

மலையில் இருப்பவருக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் நான்கு நிமிடம் மூச்சு வாங்க ஏறி, மூன்று நிமிடம் மெல்ல இறங்கி, இப்படி நான்கு சுற்று; வாரத்தில் இரண்டு நாள். மற்ற இரண்டு நாள் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் முக்கால் மணி நேர ஓட்டம். தீயணைப்பு வேலை தூக்குவதும் இழுப்பதும் ஆகையால் இரண்டு நாள் வலுப்பயிற்சி: தண்ணீர்க் குடுவையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது, மணல் மூட்டையைத் தோளில் வைத்துப் படி ஏறுவது, தண்டால், கயிறு ஏறுவது. முதல் பத்து நிமிடம் உடலைச் சூடாக்காமல் எதையும் தொடங்காதீர்கள். உறைபனிக் காலத்து விடியலில் குளிரே குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றிவைத்திருக்கும். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டவிடாதீர்கள். புகைப்பதில்லை என்று நம்புகிறேன்.

என் அப்பாவுக்கு 58 வயது. கோடைக்காலத்தில் தீத்தடுப்புக் காவலராகக் கூலிக்குப் போகிறார். பச்சைத் தழையால் அடித்துத்தான் தீயை அணைக்கிறார்கள். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் புகை ஒன்றும் செய்யாது என்கிறார். அது சரியா?
— வாசகி, கூடலூர்

கண் எரிச்சலும் சாம்பலும் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சீகைத் தழையும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகும் எரியும் புகையில் இரண்டு வகைக் கேடு உண்டு. ஒன்று, நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்தில் அழற்சியை உண்டாக்கும் நுண்துகள். நன்றாகப் பொருந்திய என்-95 முகக்கவசம் இதைப் பெருமளவு தடுக்கும், ஈரத் துண்டு தடுக்காது. இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், அப்பாவின் இதயம் கடுமையாக உழைக்கும் அதே வேளையில் அதற்குரிய ஆக்சிஜனைத் திருடிக்கொள்கிறது. முகக்கவசமும் இதைத் தடுக்காது. காற்று புகையைக் கொண்டுபோகும் பக்கத்தில் நிற்காமல் இருப்பதும், தலைவலியோ கிறுகிறுப்போ வந்தவுடன் புகையை விட்டு வெளியே வந்து அமர்வதும்தான் வழி. 58 வயதில், கோடை தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அதற்குச் செலவில்லை. கூலி வேலையில் இருப்பவருக்கு இந்தச் சோதனையை வேலை கொடுப்பவரே செய்துவைப்பதுதான் முறை என்பது என் கருத்து.

2024 மார்ச்சில் குன்னூர் வனத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றும் அளவுக்குத் தீ பல நாள் நின்றது. அதுபோன்ற நாட்களில் என் பிள்ளைகளை (நான் அவர்களை அப்படித்தான் சொல்வேன்) எப்படி ஓய்வுக்கு இறக்க வேண்டும், எப்போது மறுபடி ஏற்ற வேண்டும்? ஒருவர் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது?
— நிலைய அலுவலர் ஒருவர், நீலகிரி

ஐயா, உங்கள் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். மூச்சுக்கருவியில் ஓர் உருளைக் காற்று தீர்ந்தால் பத்து நிமிடமும், இரண்டு தீர்ந்தால் இருபது நிமிடமும் கட்டாய ஓய்வு என்பது அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் நடைமுறை. மூச்சுக்கருவி இல்லாமல் சரிவில் தழை அடிப்பவருக்கும் இருபது நிமிடக் கடும் உழைப்புக்குப் பின் பத்து நிமிடம் கொடுங்கள். ஓய்வு என்றால் மேலங்கியைக் கழற்றி, புகைக்கு வெளியே உட்கார்வது. ஆனால் நம் மலையில் ஒரு சிக்கல்: வியர்வையில் நனைந்தவர்மேல் மாலைக் காற்று பட்டால் பத்தே நிமிடத்தில் நடுங்கத் தொடங்குவார். மாற்றுச் சட்டையும் ஒரு கம்பளியும் வண்டியில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகக்கூடும். குளிரில் தாகம் தெரியாது. ஆகவே கேட்காமலேயே கொடுங்கள், நடுநடுவே உப்புச் சர்க்கரைக் கரைசலாக. பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகும் நாடி நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இறங்காதவரை மறுபடி ஏற்றாதீர்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை சார்’ என்று முதலில் எழுந்து நிற்பவரைச் சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள்.

திரும்பிய பிறகும் கவனம் தேவை. ஒருவர் நிலையத்துக்கு வந்து, குளித்துவிட்டு, நெஞ்சு கனக்கிறது என்று படுத்தால், அவரைத் தூங்கவிடாதீர்கள்.

நெஞ்சுவலி வந்தவர் நினைவோடு இருந்தால் நடக்கவிடாமல் உட்காரவையுங்கள். ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் அடங்கிய முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. தொலைவிலிருக்கும் பெரிய மருத்துவமனையை நினைத்து நேரே மலைப்பாதையில் இறங்கத் தொடங்கும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் போகும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, தேவையானால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்குவதே மேல்.

நினைவிழந்து, மூச்சு இல்லாமலோ விக்கி விக்கி இழுத்துக்கொண்டோ இருந்தால், மேலங்கியைத் திறந்து மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் அழுத்துபவருக்கும் மூச்சு வாங்கும். மின் அதிர்வு கொடுக்கும் தானியங்கிக் கருவி ஒன்று உங்கள் வண்டியில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கிடைக்கும்வரை, அது உங்கள் வட்டாரத்தில் எந்த மருத்துவமனையில், எந்த ஓட்டலில், எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று விசாரித்து, தண்ணீர் எடுக்கும் இடங்களைக் குறித்துவைத்திருக்கும் அதே பதிவேட்டில் எழுதிவையுங்கள்.